ஒப்புரவு (கிறித்தவம்)

ஒப்புரவு என்பது முறிந்த உறவு மீண்டும் சீராவதைக் குறிக்கும் கிறித்தவ சமயக் கருத்து ஆகும். இது கடவுளுடனான உறவையும் மனிதர் தமக்குள் கொள்ளும் உறவையும் ஒருங்கே சுட்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவமன்னிப்பு வழங்கும் அருட்சாதனமும் இப்பெயரால் அழைக்கப்படுகிறது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் இப்போதனை சாதிப் பிரிவினையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

விவிலியப் பின்னணி

தீங்கு செய்தவரைக் கணக்குப் பாராமல் மன்னிக்குமாறு இயேசு கற்பித்தார் (மத்தேயு 18:21-35). காணிக்கை செலுத்த வருபவர் தம்மீது பிறருக்கு மனத்தாங்கல் இருப்பதை உணர்ந்தால், முதலில் அவருடன் உறவைச் சரிசெய்ய வேண்டும் என்றும் கூறினார் (மத்தேயு 5:23-24). எனவே மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் கடமை எனில், உறவைச் சீராக்க முன்வருவது பாதிப்பை உண்டாக்கியவரின் கடமை ஆகும். யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்த சுவரைக் கிறித்து தகர்த்ததாக எபேசியர் 2:14 குறிப்பிடுகிறது.

கோயில்களில் சுவர்கள்

புதுச்சேரியில் 'சம்பாக் கோயில்' எனப்படும் தேவாலயத்தில் தாழ்த்தப்பட்டோரைப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டதையும், 1745 இல் அச்சுவர் இடிக்கப்பட்டதையும், பிற சாதியார் அதனை எதிர்த்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது. அக்கட்டடம் 1761 இல் ஆங்கிலேயரால் அழிக்கப்பட்டது; இன்றுள்ள பேராலயம் 1791 இல் கட்டி முடிக்கப்பட்டது.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872 இல் எழுந்த தேவாலயம், வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே அமர்வதற்காக இரு பிரிவுகளாகக் கட்டப்பட்டது. இடையிலிருந்த தடுப்பு 1910 இல் அகற்றப்பட்டது. இது தொடர்பான வழக்கில், கோயிலுக்குள் சாதி அடிப்படையில் தனியிடம் கோரும் உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

தற்காலம்

புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கோரினர். இதையொட்டி 2008 மார்ச்சில் மூண்ட மோதலின்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒப்புக்கொண்டது.

மன்னிப்பும் நீதியும்

அநீதி தொடரும்போது மன்னிப்பை மட்டும் வலியுறுத்துவது ஒடுக்கப்பட்டோர் மீது மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகும் என்று தலித் இறையியலாளர் சுட்டிக்காட்டுகின்றனர். ஒப்புரவு அருட்சாதனமும் வெறும் சொல்லளவில் முடிவதன்று. மனவருத்தம், பாவ அறிக்கை ஆகியவற்றுடன் செய்த தீங்குக்கு ஈடு செய்வதும் அதில் அடங்கும்.