பழைய படைத்துறைத் துப்பாக்கிச் சுடுதல்

பழைய படைத்துறைத் துப்பாக்கிச் சுடுதல் என்பது, படைகளின் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட புரித்துப்பாக்கிகளைக் கொண்டு நிலையான இலக்கைச் சுடும் விளையாட்டு ஆகும். ரைபிள் எனப்படும் புரித்துப்பாக்கியின் குழலினுள் சுருள் வடிவப் பள்ளங்கள் அமைந்திருப்பதால், குண்டு சுழன்றபடி நேர்வழியில் செல்கிறது. பரிசைவிட நட்பும் வரலாற்று ஆர்வமும் முதன்மை பெறும் ஒருநாள் கூடுகையாகவே இது பெரும்பாலும் நடத்தப்படுகிறது. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பரவலாக உள்ள இவ்விளையாட்டு, சட்டக் கட்டுப்பாடுகளின் காரணமாக இந்தியாவில் அதே வடிவில் வளரவில்லை. எனினும் இதில் பயன்படும் புகழ்பெற்ற துப்பாக்கி ஒன்று இந்தியாவிலும், அதன் வெடிமருந்து தமிழ்நாட்டிலும் உற்பத்தி செய்யப்பட்டன.

வரலாறு

பிரித்தானியாவின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1859இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் போட்டி 1860இல் விம்பிள்டனில் நடைபெற்றது. விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுத் தொடக்கி வைத்தார். 1890 முதல் போட்டிகள் பிசிலி என்னும் ஊரில் நடைபெறுகின்றன. இந்தியாவில் இந்தியத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1951இல் உருவானது. மக்களவையின் முதல் தலைவரான க. வா. மாவ்லங்கர் இதன் முதல் தலைவர் ஆவார்.

லீ-என்பீல்டு துப்பாக்கி

இவ்வகைக் கூடுகைகளில் அதிகம் காணப்படும் துப்பாக்கிகளுள் ஒன்று லீ-என்பீல்டு. இது 1895இல் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்டது. இதன் குறுகிய வடிவம் 1904இல் வந்தது. குழலின் விட்டம் 0.303 அங்குலம் என்பதால் இந்தியாவில் இது "திரீ நாட் திரீ" என்று அழைக்கப்படுகிறது. இதன் பெட்டியில் 10 தோட்டாக்கள் கொள்ளும். வங்காளத்தின் இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் இது தயாரிக்கப்பட்டது. 1962 இந்திய-சீனப் போருக்குப் பின்னர், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற வடிவமும் அங்கு உருவாக்கப்பட்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்புடன் இத்துப்பாக்கிக்கு விடை கொடுத்தது.

.303 தோட்டா 1888இல் கரிமருந்துடன் அறிமுகமாயிற்று. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் கலந்தது கரிமருந்து. சில ஆண்டுகளில் அதன் இடத்தைப் புகை குறைந்த கார்டைட் பிடித்தது. கார்டைட் தயாரிப்பதற்காக நீலகிரி மாவட்டம் அரவங்காட்டில் 1903இல் ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. 2021 முதல் இது மியூனிசன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

கூடுகை நாளின் அமைப்பு

பொதுவாக 100 முதல் 300 மீட்டர் வரையிலான தொலைவில் இலக்குப் பலகைகள் வைக்கப்படுகின்றன. துப்பாக்கி படைக்கு வழங்கப்பட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். தொலைநோக்கி முதலியவற்றைப் புதிதாகப் பொருத்துதல் பெரும்பாலான போட்டிகளில் ஏற்கப்படுவதில்லை. முதலில் குறியைச் சரிபார்க்கச் சில குண்டுகள் சுடப்படும். அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. பின்னர் படுத்த நிலையில் நிதானமாகவும், விரைவாகவும், நின்ற நிலையிலும் சுடுவர். புதியவர் ஒவ்வொருவருக்கும் அருகில் அனுபவம் உள்ளவர் ஒருவர் இருப்பது வழக்கம்.

களத்தின் முழுக் கட்டுப்பாடும் களப் பொறுப்பாளர் ஒருவரிடம் இருக்கும். ஆபத்தைக் கண்டால் "நிறுத்து" என்று குரல் கொடுக்கும் உரிமை மட்டும் அனைவருக்கும் உண்டு. இலக்கைப் பார்க்க எவரேனும் முன்னே செல்லும்போது, எல்லாத் துப்பாக்கிகளும் பூட்டுத் திறந்து, தோட்டா நீக்கப்பட்டு, கீழே வைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

பழைய துப்பாக்கியில் தனிக் கவனம் தேவை. குழலில் அடைப்போ வெடிப்போ உள்ளதா, தோட்டா அறையின் அளவு தேய்ந்துள்ளதா என்பதைத் துப்பாக்கிப் பணியாளர் முன்கூட்டியே ஆய்வு செய்ய வேண்டும். விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்காவிடில் உடனே பூட்டைத் திறத்தல் ஆகாது. பழைய தோட்டா தாமதித்து வெடிக்கக்கூடும். குழலை இலக்கை நோக்கியே குறைந்தது 30 நொடிகள் வைத்திருக்க வேண்டும்.

சிவகாசித் தொழிலுடன் வேதியியல் தொடர்பு

பழைய தோட்டாக்களின் தீமூட்டும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் செய்யப்படும் தீக்குச்சியின் தலையில் உள்ளதும் இதே உப்பே ஆகும். எரிந்த பின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். இவ்வுப்பு எண்ணெயில் கரையாது. எனவே சுட்டு முடித்ததும் குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இடுவர். குளோரேட்டு கந்தகத்துடன் சேர்ந்தால் சிறு உராய்விலும் தீப்பற்றும். ஆகையால் இக்கலவையைப் பட்டாசில் பயன்படுத்துவது இந்தியாவில் 1992இல் தடை செய்யப்பட்டது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் தோட்டா ஆறாம் வகுப்பிலும் பட்டாசு ஏழாம் வகுப்பிலும் இடம்பெறுகின்றன.

இந்தியச் சட்ட நிலை

1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். படைத்துறைத் தோட்டா என்பதால் .303 துப்பாக்கி பொதுமக்களுக்குப் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. இதனாலேயே அதன் அமைப்பை ஒட்டிய .315 வேட்டைத் துப்பாக்கி பொதுமக்களுக்கென இசாப்பூரில் தயாரிக்கப்பட்டது. பழுது பார்த்தாலும் சுட இயலாத தொன்மைத் துப்பாக்கிகளுக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அவை காட்சிக்கு உரியவை, சுடுதலுக்கு உதவா.

விருதுநகர் வட்டாரம்

விருதுநகர், சிவகாசிப் பகுதி மாணவர்களுக்கு இலக்குச் சுடுதல் பெரும்பாலும் தேசிய மாணவர் படையின் வழியாகவே அறிமுகமாகிறது. 1948இல் தொடங்கப்பட்ட இப்படையில் .303 துப்பாக்கி அணிவகுப்புப் பயிற்சிக்கும், சிறிய .22 துப்பாக்கி சுடும் பயிற்சிக்கும் பயன்பட்டுவந்தன.

.303 குண்டு நொடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு நீங்கி, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லவல்லது. ஆகவே இலக்கின் பின்னே உயர்ந்த மண்மேடும், அதற்கும் பின்னே ஆளற்ற நிலப்பரப்பும் இன்றியமையாதவை. 2021 திசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே மத்தியப் படையினர் பயிற்சி செய்த தளத்திலிருந்து வந்த குண்டு, தொலைவில் ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சிறுவன் 2022 சனவரி 3 அன்று உயிரிழந்தான். பயிற்சி பெற்ற படையினரின் தளத்திலேயே இவ்வாறு நேர்ந்தது. ஊர்களுக்கு இடையே பட்டாசு ஆலைகளும் மருந்துக் கிடங்குகளும் விரவிக் கிடக்கும் சிவகாசி வட்டாரத்தில், தவறிய குண்டு ஒன்று மருந்து அறையை எட்டினால் இழப்பு ஓர் உயிரோடு நிற்காது. அதனால் இத்தகைய நிலப்பகுதியில், தொலைவு குறைந்த .22 துப்பாக்கியும் நாற்புறமும் அடைப்புள்ள சிறு தளமுமே சுடும் பயிற்சிக்குப் பொருந்தும்.