வீட்டுக்குள் ஓர் அமானிதம்



சாரல் தொடங்கியதும் குற்றாலம் நோக்கி வரும் வெளிநாட்டு உறவினர்களில் சிங்கப்பூர்வாசிகள் நம் பகுதிக்கு மிக நெருக்கமானவர்கள். கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து நெசவாளர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அந்நகருக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். பிற ஊர்களின் ஆண்கள் பெரும்பாலும் தனியே சென்று திரும்ப, நம் பகுதியினரில் பலர் மனைவி மக்களுடன் தஞ்சோங் பகாரில் குடியேறினர். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர். 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர்.

அன்று கூலிக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று கணவனும் மனைவியுமாக அலுவலகம் செல்கின்றனர். குழந்தைகளையும் முதியோரையும் கவனிக்க இந்தோனேசியாவிலிருந்தோ, மியான்மரிலிருந்தோ, இலங்கையிலிருந்தோ, நம் நாட்டிலிருந்தோ வந்த ஒரு பணிப்பெண் வீட்டோடு தங்கியிருக்கிறாள். அவளுக்கு நோய் வந்தால், கூலி தவறினால், தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? ஏஜென்சிக்குப் பணம் கொடுத்துவிட்டதால் நம் கடமை முடிந்துவிட்டதா? இதற்குச் சட்டம் இன்று தெளிவான பதில் தருகிறது. அந்தப் பதில் உருவாக நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

தொழிலாளியைக் கட்டிய சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் மலாயாவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றபோது, சட்டம் முதலாளியின் பக்கமே சாய்ந்திருந்தது. கெடு முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கியவன் குற்றவாளியாகக் கருதப்பட்டான், சிறைக்கும் அனுப்பப்பட்டான். மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-இல்தான் முடிவுக்கு வந்தது. 1922-இல் இயற்றப்பட்ட இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், அரசு அனுமதித்த நாடுகளுக்கு மட்டுமே உடலுழைப்புத் தொழிலாளர்கள் செல்லலாம் என்று வரையறுத்தது.

தோட்டத்தை எட்டிப் பார்த்த சட்டம் வீட்டுக்குள் நுழையத் தயங்கியது. சீனக் குடும்பங்களில் ஏழைச் சிறுமிகளை விலைக்கு வாங்கி வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் ‘முய் சாய்’ என்னும் வழக்கம் சிங்கப்பூரிலும் இருந்தது. அதைக் கட்டுப்படுத்த 1932-இல் ஒரு சட்டம் வந்தது. புதிதாக யாரையும் அவ்வாறு வைத்துக்கொள்ளத் தடை விதிக்கப்பட்டது. ஏற்கெனவே இருந்தவர்களைப் பதிவு செய்யவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. வீட்டுக்குள் நடப்பது குடும்ப விஷயம் என்ற எண்ணம் அப்போது சற்று அசைந்தது.

வீட்டாரைக் கட்டிய சட்டம்

1968-ஆம் ஆண்டின் சிங்கப்பூர் வேலைச் சட்டம் வீட்டுப் பணியாளர்களைத் தன் எல்லைக்குள் சேர்க்கவில்லை. 1978-இல் அயல்நாட்டுப் பணிப்பெண்களை வரவழைக்கும் திட்டம் தொடங்கிற்று. 1990-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. அதன்கீழ் அமைந்த விதிகளின்படி, பணிப்பெண்ணின் உணவு, இருப்பிடம், மருத்துவச் செலவு, தாயகம் திரும்பும் பயணச் செலவு ஆகிய அனைத்தும் அவளை அமர்த்திய வீட்டாரின் பொறுப்பாகும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகைக்கு வீட்டார் உறுதி கொடுக்க வேண்டும். ஏஜென்சியைக் காட்டி இவற்றிலிருந்து விலகிக்கொள்ள இயலாது.

1998-இல் பணிப்பெண்ணைத் துன்புறுத்தும் வீட்டாருக்குரிய தண்டனை ஒன்றரை மடங்காகவும், 2020-இல் இரு மடங்காகவும் உயர்த்தப்பட்டது. 2013-இல் வாரம் ஒருநாள் ஓய்வு சட்டமாயிற்று. எனினும் அந்த நாளுக்குப் பணம் கொடுத்து வேலை வாங்கப் பலருக்கு வழி இருந்தது. எனவே மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுசெய்யக் கூடாது என்ற விதி 2023-இல் நடப்புக்கு வந்தது. பணிப்பெண்ணின் ஊதியத்தைப் ‘பாதுகாப்பாக’ வீட்டாரே வைத்துக்கொள்ளும் பழக்கமும் 2019-இல் தடுக்கப்பட்டது.

பூட்டிய கதவு

இத்தனை விதிகள் இருந்தும் 2016-இல் நடந்த கொடுமையைக் கேளுங்கள். மியான்மரிலிருந்து வந்த 24 வயதுப் பெண், இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் பணியாற்றிய பதினான்கு மாதங்களில் 39 கிலோவிலிருந்து 24 கிலோவாக மெலிந்து, அடிபட்டு மாண்டாள். இடையில் ஏஜென்சியினர் விசாரித்திருந்தனர். மருத்துவரும் அவளைப் பார்த்திருந்தார். ஆயினும் உண்மை வெளிவரவில்லை. 2021-இல் வீட்டுத் தலைவிக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதன்பின், ஆறு மாதத்திற்கொருமுறை நடக்கும் பரிசோதனையில் எடையும் காயங்களும் கவனிக்கப்படவேண்டும், அப்போது வீட்டார் உடனிருக்கக் கூடாது என்ற விதி வந்தது.

அதே 2021-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு தம்பதியர் சிறைக்குச் சென்றனர். தமிழகத்திலிருந்து அழைத்துச் சென்ற ஒரு மூதாட்டியை எட்டு ஆண்டுகள் அடிமையாக வைத்திருந்த குற்றம் அவர்கள்மீது நிரூபணமாயிற்று. அழைத்தவரும் தமிழர், அழைக்கப்பட்டவரும் தமிழர். ஒரே மொழி பேசியதால் அந்த மூதாட்டிக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்பதைச் சிந்தியுங்கள்.

மார்க்கம் கேட்கும் கணக்கு

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய அந்நியத் தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உங்கள் கையின்கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள். தாம் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுக்கவும், தாம் உடுப்பதையே உடுக்கக் கொடுக்கவும் வேண்டும். தாங்க முடியாத வேலையைச் சுமத்தினால் தாமும் உதவவேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் வந்துள்ளது.

சட்டம் கேட்பது பிணைத்தொகையும் ரசீதும். மார்க்கமோ அதற்கு மேலும் கேட்கிறது: அவள் என்ன உண்டாள், எங்கே உறங்கினாள், தன் தாயிடம் எப்போது பேசினாள் என்று.

ஆகவே சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாழும் நம் பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேரக்குழந்தையின் நலம் விசாரிக்கும்போது, அந்த வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் நலத்தையும் விசாரியுங்கள். அவள் கூலி அவள் கைக்கே போகிறதா என்று கேளுங்கள். நம் முன்னோர் அயல்மண்ணில் கூலிக்கு நின்றபோது, அவர்களைப்பற்றி அவ்வாறு கேட்பார் எவருமின்றித் தவித்த நாட்களும் உண்டு.

நம் கையின்கீழ் இருப்போருக்கு நீதி செய்யும் மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.