பதினொரு அங்குல சாப்பர்

என் அப்பா இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் அவர் எப்படி இருந்தாரோ அப்படியே, ஆறில் ஒரு பங்கு அளவில், அவருடைய உருவத்தைச் செய்து முடித்திருக்கிறேன். இந்தக் கைவேலையின் பழைய கதையைத் தேடிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாயிற்று. பட்டாளத்துக்காரரின் உடுப்பையும் ஆயுதத்தையும் நுணுக்கமாகச் செய்தவர்கள் நிறையப் பேர். அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்பதைச் செய்து காட்டியவர்கள் குறைவு.

லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் 1893-இல் ஈயத்தை உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். உலோகச் செலவு குறைந்தது, விலையும் இறங்கியது. 54 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்கள் சாதாரண வீடுகளுக்குள்ளும் நுழைந்தார்கள். அந்த நிறுவனத்தின் இந்தியப் படை வரிசையில் மதராஸ் காலாட்படையும் இருந்தது. ஒரே அச்சில் வார்த்ததால் எல்லோருக்கும் ஒரே முகம். கால் மடங்காது. அணிவகுத்து நிற்க மட்டுமே தெரிந்த படை அது.

அசையும் படைவீரன் பிறந்தது அமெரிக்காவில். 1963-இல் ஸ்டான் வெஸ்டன் என்பவர் ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனத்தின் டான் லெவினிடம் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். லெவின் கொரியாவில் படைச் சேவை செய்து திரும்பியவர். மறு ஆண்டு, 1964-இல், ஜி.ஐ. ஜோ கடைக்கு வந்தான். பதினொன்றரை அங்குல உயரம், 21 அசையும் பாகங்கள். மண்டியிடுவான், குப்புறப் படுப்பான், குறி பார்ப்பான். மனித உருவத்துக்கு யாரும் தனி உரிமை கோர முடியாது. போலிகளை அடையாளம் காண வழி வேண்டுமே என்று கன்னத்தில் ஒரு தழும்பை வைத்தார்கள். வலக்கைக் கட்டைவிரலின் நகம் உட்புறத்தில் இருந்ததும் போலியைப் பிடிக்க உதவியது. 1966-இல் இங்கிலாந்தில் பாலிடாய் நிறுவனம் அவனையே ‘ஆக்‌ஷன் மேன்’ ஆக்கியது. வியட்நாம் போரின் மீது வெறுப்பு வளர்ந்தபோது ஜோ சீருடையைக் கழற்றிவிட்டுச் சாகசக்காரன் ஆனான். 1982-இல் திரும்பி வந்தபோது அவன் உயரம் மூன்றே முக்கால் அங்குலம்தான்.

பெரிய உருவத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் வளர்ந்த ஆட்கள். 1999 முதல் ஹாங்காங்கின் டிராகன் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் வீரர்களை ஆறில் ஒரு பங்கு அளவில், பொத்தான் முதல் பூட்ஸ் வரை சரியாகச் செய்து விற்றது. ஒரு பெட்டியின் உடலையும் இன்னொரு பெட்டியின் உடுப்பையும் சேர்த்து, தலையை மட்டும் புதிதாகச் செய்து, தங்கள் அப்பாவையோ தாத்தாவையோ உருவாக்கும் வழக்கம் இப்படித்தான் வலுப்பட்டது. அமெரிக்கர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் கடையில் கிடைக்கும். 1971-இன் இந்திய சாப்பர் எனக்கு எந்தப் பெட்டியிலும் கிடைக்கவில்லை.

ஆகவே நானே தைத்தேன். தையல் என் தொழில். அப்பாவின் பழைய சட்டைத் துணி இந்த அளவுக்குத் தார்ப்பாய் மாதிரி விறைத்து நின்றது. மெல்லிய பருத்திக் கைக்குட்டையை எடுத்து, பச்சைச் சாயம் ஏற்றி, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து மங்கச் செய்தேன். தலைக்கவசத்தின் மேல் போர்த்த கொசுவலைத் துண்டு. முகத்துக்கு எம்-சீல், அதை இழைக்க ஊசி. கடையில் வாங்கிய உடல் பன்னிரண்டு அங்குலம், அதாவது ஆறடி ஆள். அப்பா ஐந்தடி ஆறு அங்குலம். தொடையிலும் கெண்டைக்காலிலும் அறுத்துப் பதினொரு அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன்.

நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா என்ற கேள்விக்கு அப்பாவின் வேலையே பதில் சொன்னது. அவர் மதராஸ் சாப்பர்ஸின் 9-ஆவது இன்ஜினியர் ரெஜிமென்ட்டில் இருந்தார். 1971 டிசம்பரில், ஷகர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றை ஒட்டிய கண்ணிவெடி வயலில் டாங்கிகளுக்கு வழி திறந்தது அந்த ரெஜிமென்ட். 15-ஆம் தேதி இரவு வேலை பாதியில் இருக்கும்போதே, அக்கரையில் எதிரி டாங்கிகள் நெருங்குகின்றன என்று தகவல் வந்தது. பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டின் டாங்கிகள் முழுதும் சுத்தமாகாத அந்த வயலுக்குள்ளேயே இறங்கிப் போயின. மறுநாள் நடந்த டாங்கிப் போரில் உயிர்நீத்த அருண் கேத்தர்பாலின் பெயர் நாடறியும். அவருக்கு முன்னே இருட்டில் மண்ணைத் தடவிப் போனவர்களின் பெயரைக் கேட்பார் இல்லை.

படுத்த உருவத்தின் கையில் மெல்லிய கம்பியைக் கொடுத்து அப்பாவிடம் காட்டினேன். கம்பி செங்குத்தாக இருந்தது. “இப்படி நட்டுக்குத்தலா குத்துனா மைனோட தலையில போய் முட்டும். சாய்ச்சுப் புடிம்மா, வெலாவுல தட்டணும்” என்றார். தரையிலிருந்து சுமார் முப்பது பாகைக்குச் சாய்த்தேன். கம்பி மைனின் பக்கவாட்டில் பட்டால் அழுத்தத் தகடு அமுங்காது. சுத்தமான வழியைக் குறிக்கும் வெள்ளை நாடாவுக்குப் பாவாடை நாடாவே அளவாக அமைந்தது.

1780-இல் தொடங்கி, இன்று பெங்களூரில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸுக்குக் கண்ணிவெடி புதிதல்ல. சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியில், வெடிக்கப் போகும் கண்ணிவெடியின் மேல் விழுந்து தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் இறந்தபின் வந்தது. பதக்கம் வாங்காமல் ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கானோரும் அதே வேலையைத்தான் செய்தார்கள்.

எங்கள் வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் மிலிட்டரிக்காரர் இல்லாத வீடு அரிது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ரெஜிமென்ட் இருக்கும், சேவை ஆண்டுகள் இருக்கும், பதக்கங்கள் இருக்கும். இருட்டில் கம்பியை எந்தக் கோணத்தில் பிடித்தார் என்பது இருக்காது. உருவம் செய்ய எல்லோராலும் முடியாது, கேட்க எல்லோராலும் முடியும். உங்கள் வீட்டுப் பட்டாளத்துக்காரரிடம் அவர் கையால் என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அவர் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேளுங்கள்.