நிலநடுக்க–வெடிப்பு வேறுபாட்டறிதல்

நிலநடுக்க–வெடிப்பு வேறுபாட்டறிதல் என்பது நிலநடுக்கமானிப் பதிவுகளைக் கொண்டு, ஓர் அதிர்வு இயற்கையானதா, வெடிப்பால் உண்டானதா எனத் தீர்மானிக்கும் முறை. நிலநடுக்கவியலின் ஒரு பிரிவு.

அடிப்படை: நிலநடுக்கத்தில் பாறைகள் பிளவுத்தளத்தில் ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன, அதனால் வலிமையான எஸ் அலைகள் (குறுக்கலைகள்) எழுகின்றன. வெடிப்பு எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கி அழுத்துவதால் பி அலையே (அழுத்த அலை) மேலோங்கும்.

அளவுகோல்கள்:
1. முதல் அசைவு: வெடிப்பில் எல்லா நிலையங்களிலும் மேல்நோக்கி அமையும், நிலநடுக்கத்தில் திசைக்கேற்ப மேலும் கீழுமாக மாறும்.
2. அலைவீச்சு விகிதம்: உயர் அதிர்வெண்களில் பி/எஸ் விகிதம் வெடிப்பில் மிகுதி.
3. பரப்பலை: பி அலை அளவு சமமாயினும், வெடிப்பின் பரப்பலை அளவு குறைவு.
4. ஆழம்: பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் தோன்றும் அதிர்வு வெடிப்பாக இராது.

வரலாறு: அணுவெடிச் சோதனைக் கண்காணிப்புக்காக 1958இல் ஜெனீவாவில் வல்லுநர் மாநாடு கூடியது. 1963ஆம் ஆண்டின் பகுதி அணுவெடிச் சோதனைத் தடை ஒப்பந்தம் நிலத்தடிச் சோதனைகளைத் தடைசெய்யாததால் இத்துறை வேகமாக வளர்ந்தது. கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1960களில் இக்கண்காணிப்புக்கான நிலநடுக்கமானி அணி நிறுவப்பட்டது. 1996ஆம் ஆண்டின் விரிவான அணுவெடிச் சோதனைத் தடை ஒப்பந்தம் 50 முதன்மை, 120 துணை நிலநடுக்க நிலையங்களை வகுத்தது.

பயன்பாடு: 2017 செப்டம்பர் 3இல் வடகொரியா நடத்திய அணுவெடிச் சோதனை 6.3 அளவில் பதிவானது. சுமார் எட்டரை நிமிடங்களுக்குப் பின் நிகழ்ந்த நிலத்தடி இடிவு அதிர்வு தனியே இனங்காணப்பட்டது. சுரங்க, கற்குவாரி வெடிப்புகளை நிலநடுக்கப் பட்டியலிலிருந்து நீக்கவும் இம்முறை பயன்படுகிறது. வெடிப்பு அணுவெடிப்பே என உறுதிசெய்யக் கதிரியக்கத் துகள், வாயுச் சான்றுகள் தேவை.