வேலையோடு பிணைந்த வீடு: பேராக் தோட்டத் தமிழர் வரலாற்றில் ஒரு பார்வை

பேராக் மாநிலத்தின் அரச நகராகிய கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே முதிர்ந்த இரப்பர் மரம் ஒன்று நிற்கின்றது. 1877ஆம் ஆண்டில், அந்நாளைய பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஹியூ லோ நடுவித்த கன்றுகளுள் எஞ்சியது அது என்பர். பிரேசில் நாட்டுக் காட்டில் பிறந்து, இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்த மரம் பேராக் மண்ணில் எளிதாக வேரூன்றிவிட்டது. அம்மரத்தில் பால் வெட்ட வந்த தமிழருக்கு அவ்வாறு வேரூன்றுதல் ஏன் எளிதாக அமையவில்லை என்பது ஆராயத்தக்கது.

இரப்பருக்கு முன்னரே, 1880களில், கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக வந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறவே, ஆள் தேவை பெருகியது. 1907இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பெற்றது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வரும் முறை நிலைபெற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் பேராக்கின் தோட்டங்கள்தோறும் பரவினர். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை இவ்வோட்டம் நிற்கவில்லை.

அக்காலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கை நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். ஈயச் சுரங்கங்களிலும் ஈப்போவின் கடைவீதிகளிலும் சீனர். கம்பங்களிலும் நெல்வயல்களிலும் மலாய்க்காரர். இரப்பர்க் காட்டினுள் தமிழர். சில கல் தொலைவுக்குள் மூவினத்தாரும் வாழ்ந்தனர். ஆயினும் அவரவர் தொழிலே அவரவர்க்கு வேலியாயிற்று. பல இனத்தார் வாழும் நாடு என்பது வேறு. பல இனத்தார் கூடி வாழும் நாடு என்பது வேறு. காலனி ஆட்சியின் பொருளியலுக்கு முன்னதே போதுமானதாயிருந்தது.

தோட்டம் தனக்குத்தானே ஓர் உலகம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவர். மேலே துரை; அவருக்குக் கீழே கிராணியும் கங்காணியும்; கீழ்ப்படியில் பால்வெட்டும் ஆணும் பெண்ணும். லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், ஆயக்கொட்டகை, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் ஆகியவை எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்தன. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் நிர்வாகம் பள்ளி நடத்துதல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர்! குறைபாடு மிகுந்த அப்பள்ளிகளே இந்நாட்டில் தமிழ் எழுத்தைக் காத்தன. ஆயின், மொழியைக் காத்த அதே சுவர் தமிழரை வெளியுலகினின்றும் பிரித்தது. அதனினும் கொடியது ஒன்றுண்டு: வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போயின் வீடும் போம். பிள்ளையின் பள்ளியும் போம்.

இவ்வுறவின் இயல்பைக் காட்டும் சான்று பத்து காஜாவை அடுத்து இருக்கின்றது. கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் உரிமையாளரும் ஸ்காட்லாந்து நாட்டினருமான வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கித் தமிழ்நாட்டினின்று கைவினைஞரை வரவழைத்தார். முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய நச்சுக் காய்ச்சல் தொழிலாளர் பலரைக் கொண்டுசென்றது. அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர் கேட்க, அவரும் கட்டித் தந்தார் என்பது வழிவழிச் செய்தி. நன்றியறிந்த அம்மக்கள் கோயிற் கூரையில், தெய்வ உருவங்களிடையே, அத்துரையின் உருவத்தையும் அமைத்துவிட்டனர். இதனைச் சமய நல்லிணக்கம் என்று மட்டும் பாராட்டிச் செல்வது அரைகுறைப் பார்வையாகும். வழிபடும் உரிமைக்கும் தோட்ட முதலாளியின் இசைவை நாடவேண்டியிருந்த நிலையையும் அவ்வுருவம் உரைக்கின்றதன்றோ? 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் மாண்டார். மாளிகை முற்றுப்பெறாமல் நின்றது. கோயிலில் வழிபாடு தொடர்ந்தது.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, தேவையற்ற கூலிகள் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். சப்பானியர் ஆட்சியில் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாமற் போயினர். 1948 சூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பளிக்கப்பட்டும், அதன் அருமையறியாது தோட்டத்துள் இருந்தவர் பலர் சிவப்பு அடையாள அட்டையோடே நின்றனர். அறியாமை என்று அவர்களைப் பழிப்பது எளிது; செய்தி எட்டாத தொலைவில் அவர்களை வைத்திருந்தவர் எவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டபோது, அவ்வட்டையின் பொருள் விளங்கிற்று. பல்லாயிரவர், பலர் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில், தாம் அறியாத தாயகத்துக்குத் திரும்பினர். அவர்களுள் இம்மண்ணிலேயே முதுமை எய்தியவரும் இருந்தனர்.

இதற்கிடையே மற்றோர் இடியும் விழுந்தது. வெள்ளையர் தோட்டங்களை விற்றனர், வாங்கியவர் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர், லயங்கள் காலியாயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்நெருக்கடியில்தான். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பெற்றன. எல்லாத் தோட்டங்களையும் அது காத்துவிடவில்லை, காக்கவும் இயலாது. எனினும், கூலி உயர்வு கேட்டு வந்த சமுதாயம் நிலம் வேண்டும் என்று எண்ணத் தொடங்கியது பெருந்திருப்பமே.

நிலமிழந்தோர் நகரை நாடினர். ஈப்போவின் புந்தோங் பகுதி அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அங்கே தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கடலையும் முறுக்கும் வறுத்து விற்கும் தொழிலை வளர்த்தன. பண்டத்துக்கு வழங்கும் பெயரோ ‘கச்சாங் பூத்தே’ என்னும் மலாய்ச் சொல். உண்போர் எல்லா இனத்தவரும். கடை ‘கெடாய்’ என்றும், கப்பல் ‘காப்பால்’ என்றும், முதல் ‘மோடால்’ என்றும் மலாய் மொழியில் என்றோ குடியேறிவிட்டன. கம்பமும் பசாரும் இந்நாட்டுத் தமிழருக்குத் தமிழாகவே ஒலிக்கின்றன. மக்களைப் பிரித்த வேலிகள் சொற்களைத் தடுக்க மாட்டாதுபோயின.

பேராக்கில் இன்று நூற்று முப்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல, மாணவர் நகர்ப்புறத்தவராயினும், பழைய தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன.

இரப்பர் நின்ற நிலங்களிற் பெரும்பகுதியில் இப்போது செம்பனை நிற்கின்றது. அங்கே இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உழைக்கின்றனர். அவர்களுடைய தங்குமிடமும் வேலையோடுதான் பிணைந்துள்ளது. தமிழருக்குக் குடும்பத்தோடு வரவேனும் வழியிருந்தது. இவர்களுடைய வேலை அனுமதியோ மனைவி மக்களை உடனழைத்து வர இடந்தருவதில்லை.