ஓட்டுப் போடு என்று கட்டாயப்படுத்தலாமா?

தேர்தல் முடிந்து வாக்குச் சதவீதம் பேப்பரில் வந்ததும், நம் வயதுக்காரர்கள் கூடும் இடத்தில் யாராவது ஒருவர், "ஓட்டுப் போடாதவனுக்கு அபராதம் போட்டால்தான் சரிப்படும்" என்பார். இது புது யோசனை அல்ல. பல நாடுகள் செய்து பார்த்த ஒன்றுதான்.

பெல்ஜியத்தில் 1893இல் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தபோதே வாக்களிப்பதையும் கட்டாயமாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் அறுபது சதவீதம்கூடத் தேறவில்லை. 1924இல் சட்டம் வந்தது. 1925 தேர்தலில் தொண்ணூற்றொரு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இன்றும் அங்கே காரணமில்லாமல் போடாவிட்டால் இருபது டாலர் அபராதம். ஆனால் அந்த நாட்டுப் பழங்குடி மக்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை உறுதியானதே 1962இல்தான். "எல்லோரும் போட வேண்டும்" என்று சட்டம் சொன்னபோது, அந்த "எல்லோரில்" அவர்கள் இல்லை.

பிரான்சில் பொதுமக்களுக்குக் கட்டாயம் கிடையாது. செனட் தேர்தலில் வாக்களிக்கும் பிரதிநிதிகள் வராவிட்டால் மட்டும் நூறு யூரோ அபராதம். அங்குள்ள வாக்காளர் அட்டையில், வாக்களிப்பது உரிமை, குடிமைக் கடமையும் கூட என்று அச்சிட்டிருக்கும். கடமைக்கு அவர்கள் சொல்லும் சொல் "துவ்வார்". என்னைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது வீட்டுப்பாடத்தின் பெயரும்தான். செய்யாமல் போனால் தண்டனை உண்டு. ஆனால் அடிக்குப் பயந்து பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பாடத்தால் யாருக்கு அறிவு வளர்ந்தது?

இனி நம் புதுவைக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே தேர்தலுக்குக் குறைவில்லை. 1884இல் வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். சில நூறு பேர் கொண்ட பட்டியலும் பல்லாயிரம் பேர் கொண்ட பட்டியலும் ஒரே தராசில் நின்றன. ஓட்டுச்சாவடிப் பக்கமே போகாதவர் பெயரிலும் ஓட்டு விழுந்த கதைகளை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். தடியர்களுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தவர்களும் கணக்கில் ஓட்டுப் போட்டவர்களாகவே இருந்தார்கள்!

சந்திரநாகூரில் 1949இல் மக்களிடமே கேட்டார்கள். இந்தியாவோடு சேர 7,463 பேர், எதிராக 114 பேர். புதுவையில் அப்படிக் கேட்க முடியவில்லை. 1951இல் வந்து பார்த்த நடுநிலைப் பார்வையாளர்கள், அச்சமில்லாத வாக்கெடுப்புக்கு இங்கே சூழ்நிலை இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். கடைசியில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. முடிவு நல்ல முடிவுதான். ஆனால் இந்த மண்ணின் மிகப் பெரிய கேள்விக்குச் சாதாரண ஜனங்கள் ஒரு சீட்டுக்கூடப் போடவில்லை.

அதனால்தான் சதவீதத்தை மட்டும் பார்த்து நான் மயங்குவதில்லை. எத்தனை பேர் போட்டார்கள் என்பதற்கு முன், பயமில்லாமல் போட்டார்களா, அவரவர் கையால் போட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

உத்தியோகத்தில் இருந்தபோது பல முறை தேர்தல் பணி பார்த்திருக்கிறேன். சாவடிக்கு வராதவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்ல. வெளியூரில் வேலை பார்ப்பவர், ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர், படுக்கையில் கிடப்பவர், பட்டியலில் பெயர் விட்டுப்போனவர் என்று பலர். இவர்களுக்கு அபராதம் போட்டால், தண்டம் கட்டுவது ஏழைதான். காரில் போகிறவர் அதைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்டாய வாக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2015இல் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதைவிட, 2024 மக்களவைத் தேர்தலில் எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் வீட்டுக்கே ஓட்டுப்பெட்டி வந்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் அரசாங்கத்துக்குப் போடுவோம்: பட்டியல் சரியாக இருக்க வேண்டும், சாவடி பக்கத்தில் இருக்க வேண்டும், விடுமுறைக்குக் கூலி கிடைக்க வேண்டும், யாரும் யாரையும் மிரட்டக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவரிடம் கேட்போம். அபராதச் சீட்டை நீட்ட வேண்டாம்.