முத்துக் கரையும் ஆயுத பூசையும்

புரட்டாசி அமாவாசையை அடுத்துத் தொடங்கும் நவராத்திரியின் ஒன்பதாம் நாள் மகாநவமி. அன்று கலைமகள் வழிபாட்டோடு ஆயுத பூசையும் தமிழகமெங்கும் நிகழ்கின்றது. தச்சர் உளியையும், கொல்லர் சம்மட்டியையும், உழவர் கலப்பையையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரி கடலை படைத்து வணங்குகின்றனர். ஆண்டு முழுதும் தமக்கு உழைத்த கருவிக்கு அன்று ஒரு நாள் ஓய்வளித்து, தாமே அதற்குப் பணி செய்கின்றனர்.

ஆயுதம் என்றவுடன் வாளும் வேலுமே பெரும்பாலும் நினைவிற்கு வரும். அவற்றிற்குரிய வழிபாடு உளிக்கும் கலப்பைக்கும் உரியதாய் நிற்கும் நிலை ஆராய்ந்து அறியத்தக்கது. வைப்பாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்த கீழவைப்பாரும் அதனைச் சூழ்ந்த முத்துக் கரையும் இவ்வாராய்ச்சிக்குத் தக்க இடங்களாகும். வாளின் வரலாறும் தொழிற்கருவியின் வரலாறும் அருகருகே நடந்த நிலம் அது.

படைக்கலத்தைப் போற்றுதல் தமிழர்க்குப் பழைய வழக்கம். தொல்காப்பியப் புறத்திணையியல் குடைநாட்கோளையும் வாள்நாட்கோளையும் கூறும். நல்ல நாளில் வாளை முற்படப் போக்கும் சடங்கு அது. சிலப்பதிகாரத்து வேட்டுவவரி கொற்றவை வழிபாட்டை விரித்துரைக்கும். ஆயினும் புறநானூற்றில் ஔவையார் கூறும் செய்தி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. தொண்டைமானது படைக்கலக் கொட்டிலில் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலோடு விளங்கின. அதியமானது வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனுடைய சிறு பட்டறையில் கிடந்தன. மாலை சூடியதை விடத் தேய்ந்து கிடந்ததே புலவர் உள்ளத்தில் உயர்ந்தது. உழைத்த கருவியே பெருமைக்குரியது என்னும் கருத்து அன்றே அரும்பியது எனலாம்.

பிற்காலத்தில் மகாநவமி பேரரசர் திருவிழாவாயிற்று. 1443ஆம் ஆண்டில் விசயநகரத்திற்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அவ்விழாவின் சிறப்பை வியந்து எழுதினார். 1520ஆம் ஆண்டையொட்டி அங்கு வந்த போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ் யானை, குதிரை, படை அணிவகுப்புக்களை விரித்துரைத்தார். விசயநகரத்திலிருந்து அவ்விழா மதுரை நாயக்கர்க்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையை வெல்லத் துணைநின்ற ரகுநாத சேதுபதிக்கு, இராமநாதபுரத்தில் நவராத்திரியைத் தம்மைப் போலவே கொண்டாடும் உரிமையைத் திருமலை நாயக்கர் அளித்தார் என்பது மரபு. பாண்டவர் தம் படைக்கலங்களை வன்னி மரத்தில் மறைத்துவைத்து மீட்டெடுத்த விராட பருவக் கதையும், விசயதசமியன்று அம்பு எய்யும் மகர்நோன்பும் சேதுநாட்டில் இவ்விழாவோடு இணைந்து விளங்கின.

வாளின் இவ்வரலாற்றிற்கு இக்கரையின் அருகிலேயே ஒரு முடிவு நேர்ந்தது. கீழவைப்பாருக்கு மேற்கே உள்நாட்டில் உள்ளது பாஞ்சாலங்குறிச்சி. அதன் தலைவர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801ஆம் ஆண்டு மே மாதத்தில் கோட்டை வீழ்ந்தது. பின்னர் அது தரைமட்டமாக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், இசைவின்றிப் படைக்கலம் தாங்குவதைத் தென்பாண்டி நாட்டில் தடைசெய்தது. வழிவழியாக வணங்கிவந்த வாளும் வேலும் வீடுகளிலிருந்து நீங்கின.

எனினும் விழா நீங்கவில்லை. 1816ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில், தென்னாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, உழவரும் கொத்தரும் தச்சரும் தத்தம் கருவிகளைக் குவித்து வைத்து வழிபடுவதைக் குறித்துள்ளார். அரண்மனையில் வாள் ஒளிவீசிய காலத்திலேயே பட்டறையிலும் களத்திலும் உழைப்பின் கருவி வழிபடப்பெற்றது என்பது இதனால் விளங்கும். அரசர் விழா ஆரவாரத்தோடு வந்து ஆட்சியோடு ஒடுங்கியது. தொழிலாளர் விழா ஒடுங்காது நின்றது.

இனி, கடற்கரையை நோக்குவோம். கொற்கை முத்து உலகப் புகழ் வாய்ந்தது. ஆனால் அம்முத்தை எடுத்தவர் நிலை யாது? கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கையில் முத்துக் குளிக்கும் பணியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கின்றது. பாண்டியர் முடியில் ஒளிர்ந்த முத்தைக் கொணர்ந்த கை, விலங்கிடத்தக்க கையாக ஏட்டில் இடம்பெற்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றன என எழுதினார். அம்மந்திரக்காரரைப் பிற்காலத்தார் 'கடல்கட்டி' என்றனர்.

குளிப்பவனுடைய கருவிகள் மிகச் சிலவே. விரைந்து அடியில் இறங்குவதற்கு ஒரு கல். கல்லைத் தாங்க ஒரு கயிறு. சிப்பி இடுவதற்கு ஒரு வலைப்பை. 'பார்' எனப்படும் முத்துச் சிப்பித் திட்டுக்கள் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் உள்ளன. மூச்சடக்கி அங்கே தங்கும் காலம் ஏறத்தாழ ஒரு நிமிடம். மேலே தோணியில் கயிற்றைப் பற்றி நிற்பவன் கண்ணிமைப்பொழுது அயர்ந்தால் கீழே உள்ளவன் உயிர் நில்லாது. ஆதலின் தேய்ந்த கயிற்றை ஆராய்ந்து மாற்றுதலே இங்குக் கருவிக்குச் செய்யும் முதற்பூசை.

1530களில் இக்கரைப் பரதவர் கிறித்தவ சமயம் தழுவினர். வைப்பாறும் அவர்தம் ஏழு கடற்றுறைகளுள் ஒன்றாயிற்று. சமயம் மாறினும் கல்லும் கயிறும் மாறவில்லை. கடலின் ஆழமும் மாறவில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளித்தல் அதன் பின்னரும் தொடர்ந்தது.

சிவநேயச் செல்வர்கள் எண்ண வேண்டுவது இதுவே. கார்த்திகைச் சோமவாரத்தில் 108 சங்குகளாலும் 1008 சங்குகளாலும் இறைவனுக்குச் சங்காபிடேகம் ஆற்றுகின்றோம். சங்கு விளையும் களங்களுள் தலையாயது இம்மன்னார்க் கடல். அதனை மூச்சடக்கி எடுத்தவன் திருநீறு அணிந்தவனாகவும் இருக்கலாம். சிலுவை அணிந்தவனாகவும் இருக்கலாம். அவன் கை பட்டதனால் சங்கின் தூய்மை குறைந்ததில்லை. அவன் கை பட்டிராவிடில் அது திருமுன் வந்தே இராது.

சைவம் தொழிலை இழிவென்று கருதியதில்லை. சேக்கிழார் பெருமான் போற்றும் நாயன்மாருள் திருநீலகண்டர் குயவர், கலியர் செக்கு ஆட்டியவர், நேசர் நெய்தவர். நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர் வலைவீசி, முதலில் அகப்படும் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டவர். வறுமையால் உடல் மெலிந்த நாளிலும், விலைமதிப்பற்ற பொன்மீன் அகப்பட்டபோதும், அந்நெறி பிறழாது அதனையும் விட்டார். அவர் வலையே அவர் பூசைக் கருவியாயிற்று. பெருவிழாவில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் அஸ்திரதேவரும் சூல வடிவினரே. குடமுழுக்கிற்கு முன் திருமேனியின் கண்ணைத் திறப்பதும் ஸ்தபதியின் உளியே.

ஆதலின், மகாநவமியன்று உளிக்கும் வலைக்கும் கயிற்றுக்கும் சந்தனம் இடும்போது, அவற்றைப் பற்றிய கையையும் நினைத்தல் வேண்டும். அக்கைக்கு உரிய கூலியைக் குறையாது வழங்குதலும், தேய்ந்த கயிற்றில் ஓருயிரைக் கடலில் இறக்காமையும் ஆயுத பூசையின் பகுதிகளேயாம். அவற்றைச் செய்யாது பொரியும் பூவும் மட்டும் இடுவது, தொண்டைமான் கொட்டிலில் மாலை சூடி நின்ற வேலுக்கே ஒப்பாகும். உழைக்கும் கை ஒவ்வொன்றும் இறைவன் திருப்பணிக் கருவி என்னும் தெளிவைத் திருவருள் யாவர்க்கும் அருளுக.